பேரைக் காட்டிக் காசு வாங்கினாங்கள், உள்ளுக்கை ஒண்டுமில்லை

கொம்பியூட்டரிலை தரவுத்தளம் வைச்சிருக்கிற ஆக்கள், அதைத் திருத்தக் குடுக்க முதல் இதை வாசியுங்கோ.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலை சின்னதா ஒரு ரியூசன் சென்ரர் நடத்திறம். பிள்ளையளின்ரை வரவு, மாதக் காசு எல்லாம் ஸாம்ப் (சொந்தக் கொம்பியூட்டரிலையே வெப் சேவரும் தரவுத்தளமும் ஓட்டிற இலவச மென்பொருள்) போட்டு நானே எழுதின புரோகிராமிலைதான். போன மாசம் ஒருநாள் காலமை அதிலை தரவுத்தளத்தை ஓட்டிற மைஎஸ்கியூஎல்லுக்கு ஸ்ராட் குடுத்தால், மஞ்சளாகி உடனை அணையுது. (உள்ளுக்கை ஓடுறது அதிலையிருந்து பிரிஞ்ச மரியாடிபி, பேர்தான் பழசு.) பிழைப்பதிவைத் திறந்து போனிலை ஒரு படம் எடுத்தன். எடுத்தனே தவிர வாசிக்கேல்லை. பின்னேரம் வகுப்பு, அந்த அந்தரம்.

யாழ் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோனன். பெடியன் ரண்டு நிமிசம் தட்டிப் பாத்திட்டு, "அண்ணை, ஹாட்டிஸ்க் பிழைச்சிட்டுது, போமற் அடிக்கவேணும், 7,500" எண்டான். "என்ரை டேட்டா?" "அதெல்லாம் எடுத்து வைச்சிட்டுத்தான் அடிப்பம்."

ரண்டு நாள் கழிச்சுப் போனால், தரவுத்தளத்தைப் பாக்கிற பிஎச்பி மைஅட்மின் பக்கத்தைத் திறந்து இடப்பக்கம் காட்டினான். என்ரை நாலு அட்டவணையளும் வரிசையாக் கிடக்கு. சந்தோசத்திலை காசைக் குடுத்திட்டு வந்தன். வீட்டை வந்து ஒண்டைச் சொடுக்கினால், பிழை 1932: இப்பிடியொரு அட்டவணை இஞ்சினிலை இல்லையாம். நாலும் அப்பிடித்தான்.

திரும்பிப் போனன். "பேரெல்லாம் கிடக்குத்தானே அண்ணை. உள்ளுக்கு இருக்கிறதை எடுக்கிறதெண்டால் ரிக்கவரி, அது வேறை 15,000." முகத்திலை ஒரு அசுகை இல்லை.

வவுனியாவிலை இருக்கிற கூட்டாளிக்கு அந்தப் பழைய படத்தை அனுப்பினன். அவன் திருப்பி அனுப்பினது ஒரு இலக்கம் மட்டும்: 10048. போர்ட்டை, அதாவது ஒரு புரோகிராம் இணைப்புக்காகக் காத்திருக்கிற இலக்கக் கதவை, வேறை ஒரு புரோகிராம் பிடிச்சிருக்கு எண்டு அர்த்தம். பிழை வர முதல்நாள் ராத்திரி தம்பி கம்பஸ் படிப்புக்கெண்டு மைஎஸ்கியூஎல்லைத் தனியாப் போட்டிருக்கிறான். அது விண்டோஸ் சேவையா, கொம்பியூட்டரோடை தானா எழும்பி, 3306ஆம் போர்ட்டிலை குந்தியிருக்கு, ஸாம்ப்பும் அதையேதான் கேக்கும். சேவைப் பட்டியலிலை அதை நிப்பாட்டியிருந்தால், இல்லாட்டி ஸாம்ப்பின்ரை மைஐஎன்ஐ எண்ட அமைப்புக் கோப்பிலை போர்ட்டை 3307 எண்டு மாத்தியிருந்தால், அஞ்சு நிமிச வேலை. ஹாட்டிஸ்க்குக்கு ஒரு குறையும் இல்லை. போமற் அடிக்கேக்கை தம்பி போட்டதும் அழிஞ்சுபோச்சு, அதாலைதான் என்ரை மைஎஸ்கியூஎல் கடையிலை ஓடினது!

பேர் மட்டும் தெரிஞ்சதுக்கும் காரணம் இருக்கு. ஒவ்வொரு அட்டவணைக்கும் பேரைக் காட்டிற எஃப்ஆர்எம் கோப்பும், தரவு இருக்கிற ஐபிடி கோப்பும் தரவுத்தளக் கோப்புறைக்குள்ளை கிடக்கும். ஆனால் இன்ன அட்டவணை இருக்கு எண்டு இஞ்சின் வைச்சிருக்கிற பதிவு வெளியிலை, ஐபிடேட்டா1 எண்ட கோப்பிலை. பெடியன் உள்கோப்புறையை மட்டும் எடுத்திருக்கிறான். சேவரை நிப்பாட்டிப்போட்டு டேட்டா கோப்புறையை முழுசாப் பென் டிரைவிலை ஏத்தியிருந்தால் ஒண்டும் போயிருக்காது. கடைக்குப் போக முதல் நானே செய்திருக்கவேணும். நீங்கள் செய்யுங்கோ. திருப்பி எடுக்கேக்கை பட்டியலைப் பாத்துக் காசைக் குடுக்காதேங்கோ, அட்டவணையைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கோ.

கூட்டாளி அதே அமைப்பிலை அட்டவணையளைப் புதுசா உண்டாக்கி, பழைய ஐபிடி கோப்புகளை உள்ளுக்கு இறக்கினான். மூண்டு வந்திட்டுது, 15,000 கேட்ட அதே வேலை. நாலாவது, மாதக் காசு அட்டவணை, 0 பைற். பிரதி பண்ணேக்கையே வெறுமையாத்தான் வந்திருக்கு.

இப்ப அம்மா பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பாத்து வாசிக்க, நான் அடிக்கிறன். சித்திரை வரைக்கும் முடிஞ்சுது.