வைண்டிங் கடையில் பத்து நாள்: அனுப்பலாமா?

பையன் தொழிற்கல்விப் பிரிவு, மின்சாரம் சம்பந்தப்பட்ட பாடம். பிளஸ் ஒன் முடித்த கோடையில் பள்ளியே உள்ளுறைப் பயிற்சிக்கு அனுப்பியது, கிடைத்தது கும்பகோணம் பக்கம் ஒரு பம்புசெட் மோட்டார் வைண்டிங் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் கடை. முதல் இரண்டு நாள் டீ வாங்கிவரவும் கடை பெருக்கவும்தான் வைத்தார்கள் என்று முணுமுணுத்தான். சரி, எந்தப் பட்டறையில்தான் அப்படி இல்லை.

அப்புறம் கதை மாறிவிட்டது. மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12, ஆனால் குறுவை நாற்றங்காலுக்கு அதற்கு முன்பே போர்வெல் தண்ணீர் வேண்டுமே, எரிந்துபோன 5 எச்பி மோட்டார்கள் வரிசையாக வந்து இறங்கின. பழைய காயிலை (கம்பிச் சுருளை) அறுக்கும் முன் எத்தனை சுற்று, எந்த ஸ்லாட்டிலிருந்து (கம்பி உட்காரும் பள்ளம்) எந்த ஸ்லாட்டுக்கு என்று எண்ணி எழுதுவது இவன் வேலை. ஒரு சுற்று தப்பாக எழுதியதற்குக் கடைக்கார அண்ணன் திட்டவில்லை, மறுபடி எண்ணச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஸ்லாட்டில் கம்பி வெளியே வராமல் மூங்கில் சீவலைச் செருகுவது வரை கற்றுக்கொடுத்தார், பாட்டுக்கு எஃப்எம் ஓடிக்கொண்டிருக்கும்.

குறை உண்டு. வார்னிஷ் வேலைக்குக் கையுறை கிடையாது, கேட்டால் சிரிக்கிறார்கள், நானே வாங்கிக் கொடுத்தேன். பஸ் காசும் நம் கையிலிருந்துதான். சான்றிதழில் பெயரைத் தவிர எல்லாம் எல்லோருக்கும் ஒரே வாசகம்.

ஐந்துக்கு நாலு தருவேன். இப்போது எங்கள் வீட்டு மிக்சி பிரிந்து கிடக்கிறது.