ஐந்தரை மீட்டருக்கு ஒரு டக்

புதுக்கோட்டை மைத்துனருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. போன வாரம் போன் செய்தார். "அத்தான், நீங்க சைக்கிள் மிதிச்சுத்தானே குறைச்சீங்க? அதே வண்டியை நானும் வாங்கவா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுப்படியிலிருந்து சம்சாரம் எட்டிப் பார்த்தாள். "வருஷம் பூராவும் அதுல ஏறித்தானே ஊரைச் சுத்துனீங்க? என் தம்பி கேட்டா மட்டும் வேணாமாக்கும்!"

அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை நிறம், 22 அங்குல ஃபிரேம், கம்பி பிரேக், கேரியர். கியர் கிடையாது. அப்பா காலத்தில் ஓடிய அதே வண்டி, பெயின்ட் மட்டும் புதுசு. டாக்டர் நடக்கச் சொன்னார், குதிகால் வலி விடவில்லை, அதனால் போன பங்குனியில் இதை வாங்கினேன்.

இரண்டாவது வாரம் ஆரம்பித்தது அந்தச் சத்தம்.

இடது பெடல் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒரு டக். வெற்றிலை போடும் ஆச்சிமார் பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கை நறுக்குவார்களே, அதே சத்தம். காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒன்று. ஒரு நாள் கோபத்தில் உட்கார்ந்து பற்களை எண்ணினேன். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 44, பின்னால் ஃப்ரீவீலில் 18. டயரின் சுற்றளவையும் நூல் பிடித்து அளந்தேன். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் போகிறது. கிலோமீட்டருக்கு 180 டக்குக்கு மேல். காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதற்குள் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். விநாயகருக்கு எதிரே நின்று கண்ணை மூடினாலும் காலில் டக், டக் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்கிய கடையில், "ஓட ஓடச் சரியாயிரும் சார்" என்றார்கள். ஓட ஓட அதுவும் கூடவே ஓடி வந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "காட்டர் பின் அண்ணே" என்றார். பெடல் கட்டையை நடு ஆக்சிலோடு பிடித்து வைக்கும் ஆணி அது. விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு ஆக்சிலில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் முழுசாகப் படிய வேண்டும். ஓரம் மட்டும் தொட்டால், மிதிக்கிற கனமெல்லாம் அந்த ஓரத்தில் விழுந்து, நாலு நாளில் தேய்ந்து ஆட்டம் கொடுத்துவிடும். அவர் புதுப் பின்னை எடுத்து அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துச் செருகிப் பார்ப்பார். திரும்ப எடுத்து இன்னும் ஓர் இழுப்பு. படிந்ததும் கீழே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் மூன்று அடி. அப்புறம் நட். அன்றிலிருந்து மூன்று வாரம் அமைதி. நாலாவது வாரம் பாக்குவெட்டி திரும்ப வந்துவிடும். வருஷத்தில் ஆறு பின் மாற்றினேன்.

பஞ்சரைக் கணக்கில் சேர்க்கவில்லை. சீமைக்கருவேல முள் விழுந்து கிடக்கும் நம் பக்கத்து ரோட்டில் எந்த வண்டியும் அதற்குத் தப்பாது. முதல் இரண்டு மாதம் முழங்கால் வலித்ததும் வண்டியின் குற்றமில்லை. சீட்டைத் தாழ்வாக வைத்திருந்தேன். மூன்று விரல் உயர்த்தியதும் வலி போய்விட்டது.

நல்லதையும் சொல்ல வேண்டும். நகரத்தார் கோயில் ஒன்பது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். காரில் போனால் ஒரே நாளில் முடித்துவிடலாம், அப்படிப் போனதும் உண்டு. எது மாத்தூர், எது இலுப்பைக்குடி என்று மறுநாளே குழம்பிவிடும். இந்த வருஷம் ஒவ்வொன்றாகப் போனேன். சூரக்குடி, நேமம், வேலங்குடி, வைரவன்பட்டி, இரணியூர். ஊருணிக் கரையில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. எட்டுக் கோயில் ஆகிவிட்டது. இளையாத்தங்குடி மட்டும் பாக்கி.

ஓய்வு பெற்றதிலிருந்து கட்டம் போட்ட நோட்டில் தரைக்கல் பூக்களை வரைவது என் பொழுதுபோக்கு. அதற்காக, அந்தக் கல்லைச் செய்யும் ஆத்தங்குடிக்கு நாலு தடவை போய்விட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு கரண்டி என்று கலர் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் பூ அப்படியே நிற்கும். அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. ஊற்றுகிறவரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழாது.

அங்கேதான் வண்டி என் மானத்தை வாங்கியது. எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு கல் உடைந்திருந்தது. அதே பூவில் நாலு கல் கிடைக்க, சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டினேன். நூறு அடி போயிருக்க மாட்டேன், டக். கல் போச்சு என்று இறங்கி, கட்டை அவிழ்த்து, சாக்கைப் பிரித்துப் பார்த்தால் நாலும் முழுசாக இருக்கின்றன. திரும்பக் கட்டினேன். ஏறினேன். டக். பின்னாலிருப்பது கல், சத்தம் வருவது பெடலில் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மூன்று தடவை இறங்கிப் பிரித்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "என்னய்யா, உள்ள பாம்பு கீம்பு இருக்கா?" என்று கேட்டது.

இந்த வண்டி என்னைச் சோதிக்காத நாட்கள் தைப்பூசத்துக்கு முன்னால் வந்தன. குன்றக்குடியிலிருந்து காவடிகளோடு பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தில் சித்தியும் இருந்தார். அவருடைய பையையும் கூட வந்தவர்கள் பைகளையும் ஹேண்டிலிலும் கேரியரிலும் மாட்டிக்கொண்டு, அவர்கள் நடைக்குச் சரியாகத் தள்ளிக்கொண்டே சிங்கம்புணரி வரை போனேன். தள்ளும்போது சத்தமே இல்லை! தள்ளிக்கொண்டு போவதற்கு இதைவிட நல்ல சைக்கிள் கிடைக்காது, மனதாரச் சொல்கிறேன்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1 இருந்தது, இப்போது 6.9. எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. முழுப் பெயரையும் வண்டிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. சாயங்காலம் வெள்ளைப் பணியாரத்தை நிறுத்தியதும், ஆடியில் இனிப்புக் கும்மாயத் தட்டைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். மாத்திரையும் விடாமல் போட்டிருக்கிறேன்.

போன மாதம் மெக்கானிக் தம்பிக்கே வெறுத்துப்போய், நடு ஆக்சிலைக் கழற்றிக் காட்டினார். பின் உட்காரும் பள்ளத்தின் ஓரம் மழுங்கிக் கிடந்தது. "முதல் நாள் பூட்டும்போதே சரியா அடிச்சு இறுக்கல அண்ணே. ஆடி ஆடி ஆக்சிலைத் தின்னுருச்சு. இதுல எத்தனை பின் போட்டாலும் நிக்காது." புது ஆக்சில், பால்ஸ், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 340 ரூபாய். ஒரு வருஷ எரிச்சலின் விலை அவ்வளவுதான் என்று தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. வண்டி வாங்கிய அன்று கடைப் பையன் அரை மணி நேரத்தில் பூட்டிக் கொடுத்தபோது, "பரவாயில்லையே, சுறுசுறுப்பான பையன்" என்று பத்து ரூபாய் டீக்காசு வேறு கொடுத்தேன்.

பதினொரு நாள் சத்தமில்லாமல் ஓடியது. பன்னிரண்டாம் நாள் கோவிலூர் தாண்டும்போது வலது பக்கம் டக். மைத்துனர் போன் செய்தது அன்று சாயங்காலம்.

அதனால் என் பதில் அதேதான், வேணாம். ஆனால் சம்சாரம் விடுகிற மாதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியை இங்கே வரச் சொல்லியிருக்கிறாள். வரட்டும். இளையாத்தங்குடி வரைக்கும் அவரே மிதிக்கட்டும். நான் பின்னால் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.