15 பைற் நகல்: மெம்கொப்பியை அழைப்பதா, அங்கேயே விரிப்பதா?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கொம்பைலர் (நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். சீ மொழியில் 15 பைற் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை (பல தரவுகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பை) மெம்கொப்பியால், அதாவது நினைவகத்தில் பைற்றுகளை நகலெடுக்கும் memcpy என்ற சார்பால், நகலெடுக்கச் சொன்னால், கொம்பைலருக்கு முன்னால் இரண்டு வழி.

நூலகத்தில் உள்ள மெம்கொப்பியை அழைக்கலாம். பெரிய நகலென்றால் நிரல் சிறிதாகும்தான். ஆனால் கல்லடியில் இருந்துகொண்டு ஒரு தீப்பெட்டிக்காகப் பாலம் கடந்து மட்டக்களப்பு ரவுனுக்குப் போவது போன்றது அது. கொம்பைலருக்கு முன்பே தெரிந்த அளவை, மெம்கொப்பி தன் உள்ளே மறுபடி சோதிக்கவேண்டும். சார்பை அழைக்கும்போது எதை யார் பாதுகாப்பது என்று சொல்லும் விதிகள்தான் அழைப்பு மரபு; லினக்ஸின் எக்ஸ்86-64 அழைப்பு மரபில் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் (புரொசஸருக்குள் மதிப்பை வைத்திருக்கும் இடம்) ஒன்றுகூட அழைப்பைத் தாண்டிப் பாதுகாக்கப்படுவதில்லை. அவற்றில் இருந்த மதிப்புகள் பிறகும் தேவையென்றால் ஸ்டாக்குக்கு (நினைவகத்தின் தற்காலிகப் பகுதிக்கு) போய்த் திரும்பும்.

அல்லது அந்த இடத்திலேயே விரிக்கலாம், அதாவது அழைப்புக்குப் பதிலாக நகலெடுக்கும் கட்டளைகளையே எழுதிவிடலாம். 8, 4, 2, 1 என நான்கு துண்டாக வெட்டத் தோன்றும். தேவையில்லை. 0 ஆம் இடத்திலிருந்து 8 பைற், 7 ஆம் இடத்திலிருந்து இன்னொரு 8. நடுவிலுள்ள ஒரு பைற் இரு தடவை எழுதப்படும், அதனால் கேடில்லை. இரண்டு வாசிப்பு, இரண்டு எழுதல். என்ன அழகான வேலை! இரண்டையும் வாசித்து முடித்த பிறகே எழுதினால், மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் சரியாக நகலெடுக்கவேண்டிய மெம்மூவ் (memmove) சார்புக்கும் இதே நிரல் பொருந்தும். சீரமைக்கப்படாத முகவரியை (இங்கே 8 ஆல் வகுபடாத முகவரியை) ஏற்காத புரொசஸரில் மட்டும் இது சரிவராது.

சிறிய, நிலையான அளவுக்கு விரிப்பதே என் தெரிவு. எல்எல்விஎம் (கிளாங் போன்ற கொம்பைலர்களின் அடித்தளம்) எக்ஸ்86 இல் வழமையாக 8 எழுதல் வரை விரிக்கும். நிரலின் அளவைக் குறைக்கச் சொன்னால் 4. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் அழைப்புத்தான்.