ஆரையம்பதியில் ஒரு கார் ஏசி கராஜ்: காஸ் அடிப்பதற்கு முன் ஓட்டையைத் தேடுகிறார்கள்

கார் ஏசி குளிரவில்லை என்று சொன்னவுடன் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பதில், "காஸ் முடிஞ்சிற்று" என்பதுதான். நானும் அதை நம்பி, ஏப்ரலிலும் மே மாத இறுதியிலும் வேறோர் இடத்தில் 9,000 ரூபாய் வீதம் கொடுத்துக் காஸ் அடித்தேன். இரண்டாவது தடவை அடித்தது ஐந்து வாரம்கூட நிற்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது, காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவ்வளவு பணத்துக்கு மனம் ஒப்பாமல், சக ஆசிரியர் ஒருவரின் சொற்படி, களுவாஞ்சிகுடியிலிருந்து பாடசாலை முடிந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் ஆரையம்பதியிலுள்ள இந்தச் சிறிய கராஜில் காரை நிறுத்தினேன்.

அங்கிருந்த மூத்த திருத்துநர் பொனட்டைத் திறப்பதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார். ஓடும்போது குளிர்ந்து, நிறுத்தும்போது மட்டும் சூடாகிறதென்றால் காஸின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சரைக் குளிர்விக்கும் மின்விசிறியையோ, அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயையோ பார்க்க வேண்டும். காற்றே பலமாக வரவில்லையென்றால் கபின் பில்டர் தூசியால் அடைபட்டிருக்கலாம். நாட்கள் செல்லச் செல்லக் குளிர் குறைந்து வந்திருந்தால் அது கசிவு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். எனது கார் மூன்றாவது வகை. "காஸ் எரிஞ்சு முடியிற சாமான் இல்லை டீச்சர். குறையுதெண்டா எங்கேயோ ஓட்டை இருக்கு" என்றார். இரண்டு தடவை பணம் கொடுத்த இடத்தில் எவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

எஞ்சின் நின்ற நிலையில் மீற்றரைப் பூட்டி, முள்ளை என்னையே பார்க்கச் சொன்னார். எனது கார் ஏசியில் உள்ள ஆர்-134ஏ என்ற காஸ் திரவ நிலையில் ஓரளவேனும் உள்ளே இருந்தால், 30 பாகை வெப்பத்தில் அமுக்கம் 95 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்ட வேண்டும். என்னுடையதில் 20ஐக்கூட எட்டவில்லை. கொம்பிரசருக்குத் தேவையான எண்ணெய் காஸுடன் சேர்ந்தே சுற்றி வருவதால், அமுக்கம் இவ்வளவு தாழும்போது அது எண்ணெயின்றித் தேய்ந்து இறுகிவிடாதபடி ஒரு சுவிட்ச், கொம்பிரசரை எஞ்சினுடன் இணைக்கும் கிளச்சுக்குச் செல்லும் மின்சாரத்தைத் தடுத்துவிடுமாம். ஆகவே எனது கொம்பிரசர் பழுதாகியிருக்கவில்லை. காஸ் இல்லாததால் இயங்காமல் இருந்தது. மாற்றியிருந்தால் நல்ல பொருளொன்றைக் கழற்றி எறிந்திருப்பேன்.

பின்னர் நைதரசனை ஏற்றிச் சவர்க்கார நுரை தடவியபோது, கொண்டென்சரின் கீழ் மூலையில் குமிழிகள் எழுந்தன. அதைச் சுற்றி எண்ணெய்க் கறையும் படிந்திருந்தது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் இந்த வீதியில் நாளாந்தம் ஓடும் வாகனங்களின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிப்பது வழக்கம் என்பதால், கார் கழுவும்போது முன்பக்க வலைக்குள்ளும் நல்ல தண்ணீரை மெதுவாக அடிக்கும்படி அறிவுரை கூறினார்.

புதிய கொண்டென்சர் கொழும்பிலிருந்து வர இரண்டு நாள் எடுத்தது. அதைப் பூட்டி, இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களை மாற்றி, உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் நீங்க அரை மணி நேரம் வெற்றிடமாக்கி, கசிவு இன்னும் இருந்து முள் அசைகிறதா என்று மேலும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். காஸைக்கூடக் கண்மதிப்பில் அடிக்காமல், பொனட்டின் கீழுள்ள ஸ்டிக்கரில் எழுதியிருந்த அளவுக்குத் தராசில் நிறுத்தே ஏற்றினார்கள். முடிந்ததும், நடுப்பகல் வெயிலில் நின்ற காரின் காற்றுத்துளையில் வெப்பமானி 9 பாகை காட்டியது.

மொத்தம் 46,500 ரூபாய். குறைகளும் உண்டு. பற்றுச்சீட்டில் பொருட்களின் விலையைத் தனித்தனியே எழுதாமல் ஒரே தொகையாகப் போட்டார்கள். பெண்கள் உட்கார நிழலில் ஓர் இடமில்லை. எஞ்சியிருந்த பழைய காஸைச் சேகரிக்கும் இயந்திரம் இல்லாததால் வெளியே திறந்துவிட்டது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது; அந்த வாயு காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கக்கூடியது. இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்பவர்கள் அந்த இயந்திரத்தையும் வாங்க வேண்டும் என்று அவரிடமே சொன்னேன்.

நான்கு மாதங்களாகக் குளிர் குறையவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வாகனங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்பதால், முதல் நாளே சொல்லிவிட்டுப் போவது நல்லது.