புறப்பட்டவுடன் இன்ஜின் நின்றால்: திரும்புவதா, நேரே இறங்குவதா?

ஒற்றை இன்ஜின் சிறுவிமானம் மேலெழுந்த சில நொடிகளில் இன்ஜின் நின்றுவிட்டால், பின்னாலுள்ள ஓடுபாதைக்குத் திரும்புவதா, முன்னால் தெரியும் வெளியில் இறங்குவதா என்ற குழப்பம் பயிற்சி விமானிகள் பலருக்கும் உண்டு.

உயரம்
நேரே: உடனே மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்தைக் காத்தால், சில நூறு அடி உயரத்திலும் இயலும்.
திரும்பினால்: 180 பாகை போதாது, விமானம் பக்கவாட்டில் விலகிவிடுவதால், அதற்கும் மேல் திரும்பி, பின்னர் எதிர்ப்பக்கமாகவும் திருப்பித்தான் ஓடுபாதையின் நேர்கோட்டை அடைய முடியும்.

ஸ்டால் (இறக்கைகள் தூக்குவிசையை இழப்பது) அபாயம்
நேரே: இறக்கைகள் சாயாததால் குறைவு.
திரும்பினால்: 45 பாகை சாய்வில் ஸ்டால் நேரும் வேகம் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது. தரை நெருங்குவதைக் கண்ட விமானி தன்னையறியாமல் மூக்கை உயர்த்த, விமானம் சுழன்று விழுந்தால் மீட்க உயரம் இராது. உயிர்களைப் பறிப்பது பெரும்பாலும் இதுவே.

காற்று
60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு 10 நாட் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 50; திரும்பி வந்தால் அதே காற்று பின்னிருந்து தள்ள, தரைவேகம் 70. மோதல் ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகிறது.

விமானச் சேதம்
இதில் மட்டும் திரும்புதலுக்கே சாதகம், வெற்றி பெற்றால்.

ஆகவே தாழ்வான உயரத்தில், மூக்குக்கு இருபுறமும் 30 பாகைக்குள் தெரியும் வெளியில் இறங்குவதே ஏற்றது. தன் விமானம் முழுத் திருப்பத்தில் இழக்கும் உயரத்தைப் பாதுகாப்பான உயரத்தில், திகைத்து நிற்கும் சில நொடிகளையும் சேர்த்து அளந்து பழகியவர், அதைவிடத் தாராளமான உயரம் இருந்தால் மட்டுமே திரும்பலாம்.