டொக்கா, டக்கா, லொடலொடவா: டெல்டா ரோட்டில் ஒரு பழைய காரின் சஸ்பென்ஷன்

"சத்தம் வருதுண்ணே" என்று போய் நின்றால் எங்கள் மெக்கானிக் அண்ணன் முதலில் கேட்பது, "டொக்கா, டக்கா, லொடலொடவா?" என்றுதான். ஆரம்பத்தில் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். எட்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன், இதைவிட நல்ல முதல் கேள்வி கிடையாது. இரண்டாவது கேள்வி, "எந்த இடத்துல, என்ன பண்ணும்போது?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாமல் நான் விட்ட பணத்தில் நாலு புது டயர் மாட்டியிருக்கலாம்.

கார் 2009 மாடல், சின்ன பெட்ரோல் வண்டி. 2017ல் கும்பகோணத்தில் ஒருவரிடம் வாங்கும்போது 62,000 ஓடியிருந்தது. இப்போது மீட்டர் 1,48,000 காட்டுகிறது. உரம், விதை வியாபாரம் என்பதால் வாரத்தில் ஐந்து நாள் மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர், திருத்துறைப்பூண்டி என்று சுற்று. கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை. குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கிக் கொடுக்கும் உத்திரம்). நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அமைப்புதான், அதனால் நான் பட்டது உங்களுக்கும் பொருந்தும்.

எங்கள் பக்கத்து ரோடு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடியில் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊதும். அதன் மேல் போட்ட தார் எப்படி மட்டமாக இருக்கும்? அதிலும் வாய்க்கால் கரை ரோடு என்றால் வாய்க்கால் பக்கம் உட்கார்ந்து, வண்டியின் இடது சக்கரம் ஓர் உயரத்திலும் வலது சக்கரம் இன்னோர் உயரத்திலும் போகும். ஒவ்வொரு மதகுப் பாலத்துக்கும் முன்னால் ஒரு பள்ளம், பின்னால் ஒரு பள்ளம். பாலம் அப்படியே நிற்கும், இரண்டு பக்கத்து மண் மட்டும் இறங்கும். குறுவை உழவு தொடங்கினால் கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) கழற்றாத டிராக்டர்கள் ஏறி தார் முழுக்கக் குறுக்கு வரி போட்டுவிடும். இந்த ரோட்டில் சஸ்பென்ஷன் ரப்பர்களை டயர் மாதிரி, பிரேக் பேட் மாதிரி தேய்கிற சாமானாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

வாங்கி ஒன்றரை வருஷத்தில் முன்பக்கம் இடது ஓரம் 'டக் டக் டக்' என்று ஆரம்பித்தது. அப்போது இந்த அண்ணனைத் தெரியாது. வேறோர் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டை இரண்டு அழுத்து அழுத்திவிட்டு, "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டும் மாத்தணும்" என்றார்கள். மாற்றினேன். கூலியோடு ஏழாயிரத்துக்குப் பக்கம். வண்டி கொஞ்சம் விறைப்பாக ஆனது, சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. விறைப்பானதால் இன்னும் தெளிவாகக் கேட்டது என்றுகூடச் சொல்லலாம். கழற்றிப் போட்ட பழைய ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவே இல்லை, தண்டு காய்ந்து சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம்தான் இந்த அண்ணனிடம் போனேன். அவர் வண்டியைத் தூக்கவே இல்லை. "ஓட்டு தம்பி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஸ்பீட் பிரேக்கர் மேல் நேராக, மெதுவாக ஏறச் சொன்னார். சத்தம் இல்லை. அதே ஸ்பீட் பிரேக்கரில் திரும்பி வரும்போது ரோட்டை விட்டுப் பாதி இறங்கி, இடது சக்கரம் மட்டும் அதன் நுனியில் ஏறும்படி விடச் சொன்னார். 'டக் டக்'. "லிங்க் ராடு. வண்டிய ஓரங்கட்டு, டீ சாப்பிடலாம்" என்றார்.

டீக்கடையில் அவர் சொன்ன காரணம்: இரண்டு முன் சக்கரங்களையும் ஸ்டெபிலைசர் பார் என்கிற ஒரு வளைந்த கம்பி இணைக்கிறது. அதன் இரண்டு முனையையும் ஸ்ட்ரட்டோடு பிடித்திருப்பவைதான் லிங்க் ராடுகள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அந்தக் கம்பிக்கு முறுக்கே விழாது, தன்னைப் பிடித்திருக்கும் டி புஷ் என்ற ரப்பருக்குள் சும்மா உருளும். ஒரு சக்கரம் ஏறி மற்றது கீழே நின்றால்தான் முறுக்கும், அப்போதுதான் லிங்க் ராடில் பாரம் மாறி, அதன் முனையில் தேய்ந்த பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) இப்படியும் அப்படியும் தட்டும். வாய்க்கால் கரை ரோட்டில் நாள் முழுக்க நடப்பது இதுதானே. இரண்டு பக்கத்துக்கும் புது லிங்க் ராடு, கூலியோடு ஆயிரத்து எண்ணூறு. சத்தம் அன்றைக்கே போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே தெரியாது. கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்திருக்கும். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது கையை உள்ளே விட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் முன் சக்கரம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்க வேண்டும். முதல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பக்கம் மட்டும் தூக்கி "லிங்க் நல்லாத்தான் இருக்கு" என்றது இதனால்தான் என்று பிறகு புரிந்தது.

அடுத்தது 'டொக்'. கனமான, ஒரே ஒரு அடி. 2020 கடைசியில் ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து வண்டி நிற்கும் கணத்தில் காலடியில் ஒரு டொக். ரிவர்ஸ் எடுத்து மறுபடி பிரேக் மிதித்தால் இன்னொரு டொக். லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) பின்பக்க ரப்பர் புஷ் என்று இந்த முறை நானே சொல்லிவிட்டேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது, அந்தத் தள்ளலைத் தாங்குவது அந்தப் புஷ்தான். அது கிழிந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பில் இரும்பு இடிக்கும். அண்ணன் ஊரில் இல்லாததால் வழியில் வேறோர் இடத்தில் லேத் பட்டறையில் கொடுத்து, பழையதைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்துப் புதிதை ஏற்றி மாட்டினோம்.

ஏழே மாதம். மறுபடி டொக்.

டூப்ளிகேட் சாமான் போட்டுவிட்டார்கள் என்று கோபமாக அண்ணனிடம் போனேன். அவர் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே இரும்பு வளையம், உள்ளே இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பர் முக்கால் சுற்றுக்குக் கிழிந்திருந்தது. கட்டை விரல் நகத்தை விட்டால் உள்ளே போனது, கிழிந்த இரண்டு முகமும் ஒன்றோடொன்று உரசிப் பளபளவென்று இருந்தன, ஓரத்தில் பென்சில் சீவியது மாதிரி கறுப்புத் தூள். ஆனால் ரப்பர் மிருதுவாக, புதிதாகத்தான் இருந்தது. "சாமான் நல்ல சாமான் தம்பி. மாட்டினவன் சக்கரம் தொங்கறப்பவே போல்ட்ட டைட் வெச்சுட்டான்."

இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். இந்த புஷ் பேரிங் மாதிரி சுழல்வதில்லை. ரப்பர் உள்குழாயிலும் வெளிவளையத்திலும் ஒட்டியிருக்கும், ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். போல்ட்டை டைட் செய்யும்போது ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது டைட் செய்தால், வண்டியைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பிழிந்த துணியைப் பிழிந்தபடியே கொடியில் கட்டி வைத்த மாதிரி, வண்டி சும்மா நிற்கும்போதும் இழுவையில் இருக்கிறது. அதன் மேல் மதகுப் பள்ளம் வேறு. கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு தடவை அழுத்தி அமர வைத்து, அப்புறம்தான் கடைசி டைட். அண்ணன் கடையில் தரையில் குழி இருப்பதால் சுலபம். குழி இல்லாத இடத்தில் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, நிற்கும் உயரத்துக்குத் தூக்கியும் செய்யலாம். அப்படி மாட்டியது 2021 ஆகஸ்டில், இன்னும் ஓடுகிறது. எந்த மெக்கானிக்கிடம் போனாலும் இதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ரப்பருக்கு இன்னொரு எமன் வாட்டர் சர்வீஸ். வண்டியைக் கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிப்பார்கள், துருப்பிடிக்காது என்று. திருத்துறைப்பூண்டி தாண்டி உப்புக்காற்றுப் பக்கம் போகிற வண்டி என்பதால் நானும் ஆசையாக அடித்துக்கொண்டிருந்தேன். புஷ் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். கிரீச் சத்தம் வருகிறது என்று அதன் மேல் ஆயில் விடுவதும் இதே கதைதான், பத்து நாள் சத்தம் நிற்கும், ஆறு மாதத்தில் ரப்பர் கூழாகும். சந்தேகம் தீர்த்துக்கொள்ள சோப்புத் தண்ணீர் போதும். எந்த புஷ் மேல் ஊற்றியதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. சிலிகான் ஸ்ப்ரே என்றால் ரப்பருக்குக் கெடுதல் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் நம் பருவமும் ஏமாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் நனைந்து கிடக்கும்போது கிரீச் சத்தங்கள் தானாக அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நினைப்போம். மாசி வெயில் வந்ததும் எல்லாம் திரும்ப வரும். டக், டொக் வகையறா அப்படி மழைக்கு அடங்காது. நனைந்தால் நிற்கும் சத்தம் ரப்பர் உரசல், நனைந்தாலும் வரும் சத்தம் ஆட்டம் கொடுத்த ஜாயின்ட் என்று நான் முதல் பிரிவு பிரித்துக்கொள்வேன். நூற்றுக்கு நூறு சரி வராது, தொண்ணூறு வரும்.

ஸ்ட்ரட் மவுன்ட் பற்றிச் சுருக்கமாக. நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் தெறிக்கிற சத்தம் வந்தால், ஸ்ட்ரட்டை மேலே வண்டியோடு பிடித்திருக்கும் மவுன்ட்டின் பேரிங் இறுகிவிட்டது. இதைக் கண்டுபிடித்தது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். முன்னால் நின்ற லாரிகூட இன்ஜினை அணைத்துவிட்ட அமைதியில், பொழுது போகாமல் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது கேட்டது. அந்த கேட்டுக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது. உறுதி செய்ய, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கில் விரல் நுனியை லேசாக வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் நின்று நின்று துள்ளுவது தெரியும். சுருளுக்கு இடையில் மட்டும் விரலை விடாதீர்கள். ஷாக் மாற்றிய அன்றே இந்த மவுன்ட்டையும் மாற்றியிருந்தால் கூலி ஒரு தடவையோடு போயிருக்கும். அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் அதிகம் பயப்பட வேண்டிய சத்தம், ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். இது கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி உட்கார்ந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் ஜாயின்ட்டில் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவது பால் ஜாயின்ட்டாகவோ வீல் பேரிங்காகவோ இருக்கும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் அசைவது பெரும்பாலும் டை ராடு, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி. என் வண்டியில் பால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து உள்ளே களிமண் தண்ணீர் போயிருந்தது. ரோட்டில் உளுந்துச் செடி காயப்போட்டிருந்த ஒரு பங்குனி மாதம், கொடி ஆக்ஸிலில் சுற்றி இழுத்ததில் பூட் கிழிந்திருக்கும் என்பது என் ஊகம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, வயசு ஆகிவிட்டது என்கிறார். அன்று இரவு வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போக விடாமல் கடையிலேயே நிறுத்திவிட்டார். மறுநாள் இரண்டு பக்க ஆர்மும் முழு செட்டாக மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தோம்.

இனி லொடலொட. இதில் பாதி சஸ்பென்ஷனே கிடையாது. குண்டுங்குழியில் லொடலொட என்று வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள், நின்றுவிட்டால் பிரேக் பேடோ, அதைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின்னோ லூஸ். என் வண்டியில் ஒரு முறை மூன்று வாரம் தேடியது பேட்டரி கிளாம்ப் நட்டு. சத்தம் ஸ்ட்ரட் மவுன்ட்டிலிருந்து வருவதாகச் சத்தியம் செய்திருப்பேன். இன்னொரு முறை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் ஜாக்கி கைப்பிடி. அதைக் கண்டுபிடித்தது என் மைத்துனர். டிக்கியில் குந்தி உட்கார்ந்து, "மாமா, மெதுவா ஓட்டுங்க" என்று கத்திக்கொண்டே வந்தார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கேட்கிற காது பொய் சொல்லும். இரும்பு வழியே சத்தம் ஓடி வேறு இடத்தில் எழும்பும். இப்போது புதுச் சத்தம் எது வந்தாலும் முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் மெக்கானிக் பக்கம் போகிறேன். காற்று அதிகமாக இருந்தாலே பழைய புஷ்கள் எல்லாம் வாய் திறக்கும்.

தற்போதைய நிலவரம்: முன்பக்கம் நிசப்தம். பின்னால் பீம் புஷ்ஷில் ஒரு கிரீச் மிச்சமிருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், இடது பக்கம்தான். அதை மாற்ற பீமையே இறக்க வேண்டும், ஒரு நாள் வேலை. சம்பா அறுப்பு முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்ததும் பார்க்கலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை பின் சீட்டில் உட்காருகிறவர்கள் கேட்டால், மழை பெய்தால் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.