"ரீபோர் பண்ணது, பிஸ்டன் மேட்ச் பண்ணது"ன்னு விக்கிற சிலிண்டர் செட் - அளக்காம மாட்டிடாதீங்க

பழைய ட்ரயல்ஸ் வண்டி (கால் ஊனாம பாறை, மேடு ஏறுற போட்டி பைக்) இன்ஜின் கட்டிட்டு இருக்கவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் பணம் அனுப்புங்க. என்னோடது புல்டாகோ ஷெர்பா டி, பேருக்கு 250, நிஜத்துல 244 சிசி, 72 மில்லி போர் (சிலிண்டர் துளையோட அகலம்), 60 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்). ட்ரயல்ஸ் ரைடர் சாமி மில்லர் 1965ல ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயல்ல ஜெயிச்சாரே, அந்த வம்சம். லைனர் (சிலிண்டரோட உள்சுவர்) எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளிய போற ஜன்னல்) பக்கம் கீறிப் போயிருந்ததால பழைய பார்ட்ஸ் விக்கிற ஒருத்தர்கிட்ட ஒரு செட் வாங்குனேன். முதல் ஓவர்சைஸ் (ஒரு அளவு பெரிய பிஸ்டன்), அதுக்கு ஏத்த மாதிரி துளையைக் கடைஞ்சு போர் அடிச்சு, கல்லால தேய்ச்சு ஹோன் பண்ணியாச்சு, அப்படியே மாட்டி ஓட்டலாம்னார்.

வந்ததும் போர் கேஜ் விட்டுப் பார்த்தா மேல பிஸ்டனுக்கும் சுவருக்கும் 0.05 மில்லி கேப், எக்ஸாஸ்ட் போர்ட்கிட்ட 0.2 மில்லி! போரிங் மெஷின்ல ஏத்தவே இல்ல. தேஞ்சு போன லைனர்ல பிஸ்டன் இறங்குற வரைக்கும் ஹோன் கல்லை ஓட்டிருக்காங்க, குறுக்குக் கோடு பளிச்சுன்னு தெரியுது, படத்துல பார்த்தா புதுசு மாதிரிதான் இருக்கும்.

அதைவிட மோசம் பிஸ்டன். பழைய பிஸ்டனையும் இதையும் ஒரே கஜன் பின்ல (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோட இணைக்கிற பின்) கோர்த்துப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், இன்லெட் (பெட்ரோல்-காத்து மிக்சர் உள்ள வர்ற) பக்கம் ஸ்கர்ட் (பிஸ்டனோட கீழ்ப்பக்கச் சுவர்) 5 மில்லி குட்டை, வெட்டுன அரத் தடம் கூட இருக்கு. இந்த மாதிரி பிஸ்டன் போர்ட் டூ ஸ்ட்ரோக்ல ஸ்கர்ட்தான் வால்வே, அதோட ஓரம்தான் இன்லெட்டைத் திறக்குது மூடுது. குட்டையானா சீக்கிரம் திறந்து லேட்டா மூடும், கம்மி ஆர்பிஎம்ல மிக்சர் கார்புரேட்டருக்கே திரும்ப அடிக்கும். ரேஸ் வண்டிக்கு அது சரி, ஐடிலுக்குக் கொஞ்சம் மேல வச்சுப் பாறை ஏற வேண்டிய வண்டிக்கு உயிரே போயிடும்.

கேட்டதுக்கு "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்"ங்கறார். செட் ஆகுறது ரிங்கு, 0.2 மில்லி கேப் எப்படி சார் செட் ஆகும்? கவரைப் பிரிச்சதால ரிட்டர்னும் கிடையாதாம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒழுங்கான வழி, பிஸ்டன் முதல்ல கைக்கு வரணும், அதுக்கப்புறம்தான் போர். சிலிண்டரையும் பிஸ்டனையும் சேர்த்து லேத்காரர்கிட்ட கொடுங்க, கேப் எவ்ளோன்னு பிஸ்டன் கம்பெனி சொல்ற கணக்குதான் கணக்கு, ஏன்னா ஃபோர்ஜ்டு (அழுத்தி அடிச்சு செஞ்ச) பிஸ்டன் சூட்டுல காஸ்ட் (வார்த்த) பிஸ்டனைவிட அதிகம் விரியும், காஸ்ட் கணக்குல போர் அடிச்சா பிஸ்டன் இறுகி சீஸ் ஆயிடும். பிஸ்டனை அளக்குறப்ப ஸ்கர்ட்டோட அடிப்பக்கம், பின்னுக்கு நேர் குறுக்கா அளக்கணும், அது உருண்டை கிடையாது, மேல ஒடுங்கியும் இருக்கும். போர் முடிஞ்சதும் போர்ட் ஓரங்களை மழுக்கச் சொல்லுங்க, கூரா விட்டா ரிங் மாட்டி உடையும். ரிங் முனை நிக்கிற ஊசி போர்ட் ஜன்னல் மேல வருதான்னும் பாத்துடுங்க, வேற மாடல் பிஸ்டன்ல அப்படி வரும்.

என் பழைய சிலிண்டரையே இப்ப அப்படித்தான் போருக்குக் கொடுத்திருக்கேன். அந்த ஆள் அதே வார்த்தையோட இன்னொரு செட் விக்கப் போட்டிருக்கார். வாங்குறதா இருந்தா இன்லெட் பக்க ஸ்கர்ட்டை ஸ்கேல் வச்சு போட்டோ கேளுங்க, மேல நடுவுல கீழன்னு போர் அளவும் எழுதிக் கேளுங்க, தரலைன்னா விட்டுடுங்க.